கொல்லையிலிருந்து உள்ளே வந்த ஸ்நான அறை

கொல்லைக் கோடியில் ஒரு கிணறும், அதை ஒட்டித் தோய்க்கிற கல்லும், ஓலைத் தட்டியாலோ அரைச் சுவராலோ அமைந்த ஒரு மறைவும், குளித்த நீர் வாழைக்கும் தென்னைக்கும் ஓடிப் பாய ஒரு சிறு வாய்க்காலும் வாய்த்துவிட்டால், நம் முன்னோர் அதனையே பூரணமான ஸ்நான அறையாகக் கொண்டார்கள். விறகடுப்பில் செம்புத் தவலை, விளாவிக்கொள்ள ஓர் அண்டா, மொண்டு விட்டுக்கொள்ளச் சொம்பு, சீயக்காய்க் கிண்ணம், உட்கார ஒரு மணை ஆகிய இவையே அங்கிருந்த உபகரணங்கள். அந்த இடம் வீட்டை விட்டு அவ்வளவு தூரம் விலகி நின்றதற்கு ஆசாரம் ஒரு காரணமே. எனினும் அதனினும் வலிய காரணம், கழிவுநீர் போகிற வழியிலேயே துர்நாற்றம் திரும்பி வருவதைத் தடுக்கும் உபாயம் கைவசம் இல்லாதிருந்ததே என்பது என் அபிப்பிராயம்.

அந்த உபாயத்துக்கு 1775-ல் லண்டனில் காப்புரிமை பெற்றவர், கடிகாரம் செய்வதைத் தொழிலாகக் கொண்ட அலெக்ஸாண்டர் கம்மிங். கழிப்பிடத்திலிருந்து இறங்கும் குழாயை அவர் பாம்பைப் போல வளைத்தார். நீர் பாய்ந்தோடிய பிறகும் வளைவின் அடியில் சிறிது நீர் எப்பொழுதும் தங்கி நின்று, அதுவே மூடியாகி, கீழே உள்ள நச்சுக்காற்றை மேலே ஏறவொட்டாமல் தடுத்துவிடுகிறது. ஆனால் வீட்டுக்குள் இருந்த நாற்றத்தை வெளியே தள்ளினால் மட்டும் போதுமா? கழிவெல்லாம் தேம்ஸ் நதியில் சென்று சேர, 1858-ஆம் ஆண்டுக் கோடையில் எழுந்த நாற்றம் பார்லிமெண்டையே கலங்கவைத்தது. அதன் பின்னரே பாஸல்ஜெட் என்னும் பொறியாளரின் பிரம்மாண்டமான பாதாளச் சாக்கடைகள் அந்நகரில் உருவாயின.

செல்வர் வீடுகளில் குளியல் தொட்டியையும் கழிப்பிடத்தையும் மேஜை பீரோவைப் போல் மரப்பலகையால் மூடி அலங்கரித்த வழக்கமும், கிருமிகளைப் பற்றிய ஞானம் பரவியபின் காலக்கிரமத்தில் மறைந்தது. ஈரமும் அழுக்கும் ஒளிந்துகொள்ள இடம் தரும் மரம் போய், அழுக்குப் பட்டால் உடனே காட்டிக்கொடுக்கும் வெள்ளைப் பீங்கானும் ஓடும் வந்தன. ஸ்நான அறையின் வெண்மை, அழகுணர்ச்சியைக் காட்டிலும் நோய்ப் பயத்தால் பிறந்தது எனலாம்.

சென்னைக்கு 1872-ல் செங்குன்றம் ஏரியின் நீர் முறையாக வரத் தொடங்கியது. குழாய் வீட்டுக்குள் வர வர, கிணற்றடியும் மெல்ல உள்ளே நகர்ந்தது. சிமெண்டுத் தொட்டி, கரி போட்டு எரிக்கும் செம்பு பாய்லர், பின்பு மொசைக் தரை, வாஷ் பேசின், ஷவர், கீஸர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தவற்றுள், முழங்கால் நோவுள்ள முதியவர்களுக்கு மேல்நாட்டுக் கழிப்பிடம் செய்த உபகாரம் பெரிது. அதே முதியவர்களின் காலை, கண்ணாடி போல் மினுக்கும் இன்றைய டைல்ஸ் வழுக்கிவிடுகிறது என்பதுதான் என் மனவருத்தம். பழைய சொரசொரப்பான சிமெண்டுத் தரையின் குணத்தை, டைல்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது மறவாமல் கேட்டு வாங்க வேண்டும். சுவரில் ஒரு கைப்பிடியும் பதித்துவிடுவது உத்தமம்.

தரையில் நீர் இறங்கும் இடத்தில் பிளம்பர்கள் பதிக்கும் நஹானி டிராப்பும் கம்மிங்கின் வளைவைப் போன்றே நீரைத் தேக்கிக் காவல் செய்வது. வீட்டைப் பூட்டிக்கொண்டு நெடுநாள் யாத்திரை போய்த் திரும்புவோர் ஸ்நான அறையில் நாற்றத்தை உணர்ந்தால், தேங்கியிருந்த அந்நீர் வற்றிப்போயிற்று என்று அறிந்து, முதலில் ஒரு வாளித் தண்ணீரை அங்கே ஊற்றிப் பார்க்கலாம்.