பல் முளைக்கிற குழந்தைக்கு ஜெல் தடவலாமா?

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க அக்கா பையன். 7 மாசம். கீழ் ஈறு வீங்கியிருக்கு, கையில கிடைக்கிறதை எல்லாம் கடிக்கிறான், எச்சிலா ஒழுகுது. "ஈறு மரத்துப்போற ஜெல் ஆன்லைன்ல இருக்கே, வாங்கட்டுமா?"ன்னு அக்கா கேட்டாங்க. தேடிப் படிச்சதுல கிடைச்ச பதில்: வேண்டவே வேண்டாம்.

இந்த மாதிரி ஜெல்கள்ல பொதுவா இருக்கிறது பென்சோகெய்ன். தடவினா ஈறு மரத்துப்போகும், உண்மைதான். ஆனா ஊறுற எச்சில்ல சீக்கிரமே கழுவிப் போயிடும். குழந்தை மறுபடி அழும், நாம மறுபடி தடவுவோம். உள்ளே போற மருந்து சில குழந்தைகளுக்கு ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினை மாத்திடுது. அதால ஆக்சிஜனைச் சரியா கொண்டுபோக முடியாது. உதடும் நகமும் நீலம் பாயும், மூச்சு வாங்கும். உயிருக்கே ஆபத்து. ஒரே ஒரு தடவை தடவினதுலயும் இது நடக்கலாம். அதனாலதான் 2018-ல அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., 2 வயசுக்குக் கீழே இதைப் பயன்படுத்தவே கூடாதுன்னு சொன்னது. லிடோகெய்னுக்கு 2014-லேயே எச்சரிக்கை வந்தாச்சு. அதை விழுங்கினா வலிப்பு வரலாம், இதயத்தையும் பாதிக்கலாம்.

அப்போ என்ன செய்யுறது? கையை நல்லா கழுவிட்டு விரலால ஈறை மெதுவா அழுத்தித் தேய்ச்சு விடுங்க. சுத்தமான ஈரத்துணியை ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்து, நீங்க பக்கத்துல இருக்கும்போது கடிக்கக் கொடுங்க. ஃப்ரீசர் வேண்டாம், கல்லு மாதிரி இறுகி ஈறைக் காயப்படுத்தும். கெட்டியான ரப்பர் டீத்தரும் ஓகே. அவ்வளவுதான், பைசா செலவு இல்லை.

பாட்டி கை வைத்தியம் பக்கம் வருவோம். கையில கட்டுற வசம்பு வளையலைக் குழந்தை கடிச்சா துண்டு உடைஞ்சு தொண்டையில மாட்டலாம். ஈறுல தேன் தடவுறது 1 வயசுக்குள்ள கூடவே கூடாது, போட்டுலிசம் வர வாய்ப்பிருக்கு.

எனக்கு ஜெல்லைவிடப் பெரிய பயம், "பல்லு முளைக்குது, அதான் காய்ச்சல், அதான் பேதி"ங்கிற வசனம். சுமார் 6 மாசத்துல பல் வர ஆரம்பிக்குது. அதே சமயத்துலதான் அம்மாகிட்ட இருந்து வந்த நோய் எதிர்ப்பு சக்தி குறையுது, கண்டதையும் வாயில வைக்கிற பழக்கமும் தொடங்குது. ரெண்டு பக் ஒரே நாள்ல வந்தா, ஒண்ணுதான் இன்னொண்ணுக்குக் காரணம்னு டிக்கெட்டை மூடிடுவோமா? பல்லால உடம்பு லேசா சூடாகலாம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டுச்சுன்னா அது காய்ச்சல், காரணம் வேற. பேதி ஆகுது, பால் குடிக்க மாட்டேங்குது, சோர்ந்து கிடக்குதுன்னா அன்னிக்கே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க.