பாம்புத் தோல் உரித்தவர்கள் இன்று உயிர் காக்கிறார்கள்... இருளர்களின் வாழ்க்கை மாறியது எப்படி?

பாம்புத் தோலில் செய்த பர்ஸ், பெல்ட் எல்லாம் ஒரு காலத்தில் வெளிநாடுகளில் செம கிராக்கி. அதற்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர்கள் நம்ம ஊர் இருளர் பழங்குடியினர்.

தோல் எப்படி எடுத்தாங்க?

முதுகில் உள்ள டிசைனுக்குத்தான் விலை. அதனால் பொதுவாக வயிற்றுப் பக்கம் நீளமாகக் கீறி, தோலை உரிப்பார்கள். ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, உப்பு தடவிக் காய வைப்பார்கள். அதைப் பதனிட்ட பிறகுதான் பர்ஸ், செருப்பு எல்லாம். பாம்பு தானாகக் கழற்றிப் போடும் 'சட்டை' வேறு. அது மெல்லிய மேல் படலம்தான், தைத்தால் கிழிந்துவிடும்.

அப்புறம் என்னாச்சு?

1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கும் தடை. பாம்புகள் தப்பின, ஆனால் இருளர்களின் அடுப்பு அணைந்தது.

வழி காட்டிய விஷம்

1978-ல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் உருவானது. சென்னை அருகே வடநெம்மேலியில் இது செயல்படுகிறது. வனத்துறை அனுமதியோடு நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய 4 வகைப் பாம்புகளைப் பிடிக்கிறார்கள். சில வாரங்கள் வைத்திருந்து, சில முறை விஷம் எடுத்துவிட்டு, காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.

அந்த விஷத்தைச் சிறிய அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளில் இருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. உரித்தால் ஒரு பாம்புக்கு ஒரு தோல்தான். உயிரோடு விட்டால் பாம்பும் பிழைக்கும், மனுஷனும் பிழைப்பான்.

இந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

செத்த பாம்பின் தோலை எடுக்கலாமா?

கூடாது. சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட வனவிலங்கு இறந்து கிடந்தாலும் அது அரசின் சொத்து. மலைப்பாம்பு போல முதல் அட்டவணையில் உள்ளவற்றை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. வீட்டுக்குள் பாம்பு வந்தால் அடிக்காதீங்க. தள்ளி நின்று, வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ போன் பண்ணுங்க.