கல்யாணக் கேக்குக்குக் கடன் வேண்டாம்: நம் வீட்டு அடுப்பிலேயே செய்யலாம்



தை பிறந்துவிட்டால் நம் மலைப்பகுதித் தோட்டங்களில் லயத்துக்கு லயம் கல்யாணப் பேச்சுத்தான். ஹட்டன் பக்கம் போனாலும் சரி, நுவரெலியாப் பக்கம் போனாலும் சரி, எங்காவது ஓர் இடத்தில் பந்தல் கட்டியிருக்கும், பாட்டு கேட்கும். சந்தோஷமான விஷயம். ஆனால் அந்தச் சந்தோஷம் முடிந்த பிறகு வீட்டுக்காரர்கள் படுகிற பாட்டையும் நாங்கள் பார்க்கிறோம். அதனால்தான் இந்த இதழில் கல்யாணக் கேக்கைப் பற்றி எழுத நினைத்தோம்.

ஒரு தகப்பன் எங்கள் காரியாலயத்துக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம். சேலை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் எப்படியோ வழி பண்ணிவிட்டார். கடைசி நேரத்தில் மாப்பிள்ளை வீட்டில் மூன்று தட்டுக் கேக் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். மனைவியின் தோட்டை அடகு வைத்து அட்வான்ஸ் கட்டினார். "கேக் இல்லாட்டி சபையில நம்ம புள்ளைக்குத்தானே ஐயா குறைச்சல்?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கேக் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். அடுத்த தீபாவளிக்கும் அந்த அம்மாவின் காதில் ஈர்க்குக் குச்சிதான் இருந்தது.

அன்று சொல்லாத பதிலைத்தான் இன்று எழுதுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம்

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அந்தத் தொகையை வைத்தே பார்ப்போம். கடையில் கேக்குக்கு 27,000 ரூபா சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 20 பேர். அதாவது மழையிலும் அட்டைக்கடியிலும் 20 நாள் மலையேறிக் கொழுந்து பறித்த காசு. சம்பளம் கூடினாலும் கேக் விலை கையைக் கட்டிக்கொண்டு நிற்காது, அதுவும் கூடவே ஏறும். எனவே கேக் ஓடர் கொடுக்கும் முன் விலையை ரூபாவில் கேட்காதீர்கள், எத்தனை பேர் என்று கேளுங்கள். அப்போதுதான் மனதில் உறைக்கும். அதை அடகு வைத்து வாங்கினால் வட்டியையும் சேர்க்க வேண்டும்.

இந்தக் கேக் எங்கிருந்து வந்தது?

கேக் வெட்டாவிட்டால் கல்யாணமே இல்லை என்று இப்போது சிலர் நினைக்கிறார்கள். தாலி கட்டுவதற்கும் கேக்குக்கும் சம்பந்தம் இல்லை. கோவிலில் ஐயர் கேக் கேட்பதில்லை. தேவாலயத்தில் மோதிரம் மாற்றும்போதும் பாதிரியார் கேக் கேட்பதில்லை. இது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த வழக்கம்.

1840 பெப்ரவரியில் இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி கல்யாணம் முடித்தபோது வெட்டிய கேக் சுமார் 300 இறாத்தல் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நல்ல வெள்ளைச் சீனி விலை கூடிய சாமான். கேக்கின் மேல் எவ்வளவு வெள்ளையாகச் சீனி பூசியிருக்கிறதோ அவ்வளவு பணக்கார வீடு என்று அர்த்தம். அந்த வழக்கம் துரைமாரோடு நம் மலைநாட்டுப் பங்களாக் குசினிகளுக்கும் வந்தது. இலங்கையில் அதற்கு ரவை, கஜு, பூசணித் தோசி, இஞ்சித் தோசி, ஏலம், கறுவா எல்லாம் சேர்த்து நம் நாட்டுக் கைப்பக்குவம் ஏறியது. துண்டு துண்டாக வெட்டிக் கடதாசியில் சுற்றி வந்தவர்களுக்குக் கொடுப்பதும் பழக்கமானது.

ஆனால் கேக்கைக் கொண்டுவந்த அந்த நாட்டுக்காரர்களுக்கும் ஒரு காலத்தில் கை காய்ந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் 1940 ஜனவரி மாதம் அங்கே சீனிக்குப் பங்கீடு வந்தது. அதே ஆண்டில் கேக்கின் மேல் சீனி பூசுவதையே அரசாங்கம் தடை செய்தது. அப்போது கல்யாணங்கள் நின்றனவா? இல்லை. சின்னதாக ஒரு கேக் சுட்டு, அதன்மேல் கடதாசி மட்டையில் செய்த பெரிய வெள்ளைக் கூட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். போட்டோ எடுத்த பிறகு கூட்டைத் தூக்கிவிட்டுச் சின்னக் கேக்கை வெட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பங்குச் சாமானில் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்து உதவினார்கள். அவர்களுக்கு அது குறைச்சலாகத் தெரியவில்லை. 2022 ஆம் ஆண்டு மா, சீனி, முட்டை, காஸ் எல்லாம் எட்டாமல் போனபோது நாமும் சிக்கனமாகக் கல்யாணம் செய்தவர்கள்தானே?

இன்னொரு விஷயம். மண்டபங்களில் மாடி மாடியாக நிற்கிற கேக்கில் பெரும்பாலும் உள்ளே இருப்பது ரெஜிபோம். மேலே மட்டும் சீனிப் பூச்சு. மணமக்கள் வெட்டுவதற்கு ஓர் இடத்தில் மட்டும் உண்மையான கேக் இருக்கும். வந்தவர்கள் கையில் கிடைப்பது தனியாகச் செய்து பெட்டியில் போட்ட துண்டு. ஆகவே கடன்பட்டு வாங்குவதில் பெரும் பகுதி சாப்பிட முடியாத சாமான்.

இனி வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று முறைகளைச் சொல்கிறோம்.

ஒன்று: ரவைக் கேசரி அடுக்கு

இதற்கு முட்டை வேண்டாம், அவன் வேண்டாம். மரக்கறி வீடுகளுக்கும் பொருத்தம். ரவை 500 கிராம், சீனி 500 கிராம், நெய் அல்லது மாஜரின் 150 கிராம், தண்ணீர் ஒன்றேகால் லீற்றர், துருவிய கரட் 250 கிராம், ஏலக்காய் ஐந்தாறு, உப்பு ஒரு சிட்டிகை.

ரவையைப் பாதி நெய்யில் வாசம் வரும்வரை வறுத்துத் தனியே வையுங்கள். மீதி நெய்யில் கரட்டை வதக்கி, தண்ணீரும் உப்பும் விட்டுக் கொதிக்க வையுங்கள். நெருப்பைக் குறைத்து ரவையைத் தூவித் தூவிக் கிளறுங்கள். ரவை நன்றாக வெந்த பிறகுதான் சீனி போட வேண்டும். முதலிலேயே போட்டால் ரவை வேகாமல் நறநறவென்று இருக்கும். சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கி, நெய் தடவிய ஒரு பெரிய வட்டத் தட்டிலும் ஒரு சிறிய கிண்ணத்திலும் சூட்டோடு அழுத்தி நிரப்புங்கள். நன்றாக ஆறிய பிறகு கவிழ்த்தால் முழுசாக விழும். பெரியதன்மேல் சிறியதை வையுங்கள். இரண்டு தட்டுக் கேக் தயார். கரட்டுக்குப் பதில் கொஞ்சம் பீட்ரூட் சாறு விட்டால் ரோஸ் நிறம் வரும். கத்தியால் அழகாக வெட்டலாம். 40 துண்டுக்கு மேல் கிடைக்கும். கல்யாணத்தன்று காலையில் செய்வதே நல்லது.

இரண்டு: மணல் சட்டிக் கரட் கேக்

கேக்தான் வேண்டும் என்பவர்களுக்கு இது. கோதுமை மா 250 கிராம், சீனி 200 கிராம், மாஜரின் 150 கிராம், முட்டை 3, துருவிய கரட் 200 கிராம், பிளம்ஸ் 100 கிராம், வறுத்து இடித்த கச்சான் ஒரு பிடி, கறுவாத் தூள், கராம்பு இரண்டு, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி.

பணக்காரக் கேக்கில் பிளம்ஸைப் பிராந்தியில் ஊற வைப்பார்கள். நமக்கு எதற்குப் பிராந்தி? நம் கையால் பறித்த தேயிலை இருக்கிறது. கடும் சாயம் அரைக் கோப்பை ஊற்றி இரவு முழுவதும் ஊற வையுங்கள். பிளம்ஸ் உப்பி நல்ல நிறமும் வாசமும் வரும். கஜு விலை என்றால் கச்சான் போதும். பூசணித் தோசிக்குப் பதிலாக வேலியில் காய்க்கிற சௌசௌக்காயைச் சின்னத் துண்டாக வெட்டி, தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் மூன்று மணி நேரம் போட்டு, நாலு தடவை நன்றாகக் கழுவி அவித்து, அதே எடைச் சீனிப் பாகில் வற்ற வைத்தால் தோசி மாதிரியே இருக்கும். ஒரு பிடி சேர்த்துக்கொள்ளலாம்.

மாஜரினையும் சீனியையும் வெளுக்கும்வரை அடியுங்கள். நம் குளிரில் மாஜரின் கல்லு மாதிரி இருக்கும், அடுப்புத் திண்ணையில் சற்று வைத்து இளக விடுங்கள், உருக விடாதீர்கள். முட்டையை ஒவ்வொன்றாக விட்டு அடித்து, மற்றச் சாமான்களையும் ஊறிய சாயத்தில் நாலு மேசைக்கரண்டியையும் சேர்த்து மெதுவாகக் கலந்து, எண்ணெய்க் கடதாசி போட்ட தகரத்தில் முக்கால்வாசிக்கும் குறைவாக ஊற்றுங்கள்.

ஒரு கனமான பழைய சட்டியில் ஓர் அங்குல உயரத்துக்குக் காய்ந்த மணல் பரப்பி, மூடி போட்டுக் கால் மணி நேரம் சூடாக்குங்கள். மணலின் மேல் ஒரு வளையம் வைத்து அதன்மேல் கேக் தகரத்தை வையுங்கள். அடியில் மெல்லிய நெருப்பு, தகர மூடியின் மேல் கொஞ்சம் தணல். 40 நிமிடத்துக்குத் திறந்து பார்க்கக் கூடாது, பார்த்தால் நடுவில் அமுங்கிவிடும். ஒரு மணி நேரமளவில் ஈர்க்கால் குத்திப் பாருங்கள். ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. கதவு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். தணல் புகை அடைத்த காம்பராவில் ஆபத்து. பிள்ளைகளைச் சட்டிக்குப் பக்கத்தில் விடாதீர்கள்.

மேலே பூசுவதற்குப் பச்சை முட்டை வெள்ளையைப் பாவிக்க வேண்டாம், வயிற்றுக்கு ஆகாது. ஒரு கடதாசியில் கோலம் மாதிரி வெட்டிக் கேக்கின்மேல் வைத்து, அரைத்த சீனியைச் சல்லடையால் தூவிவிட்டுக் கடதாசியை எடுங்கள். வெள்ளைக் கோலம் விழுந்திருக்கும்.

மூன்று: வந்தவர்களுக்குப் பலகாரப் பொட்டலம்

200 பேருக்கும் கேக் துண்டு கொடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆளுக்கொரு கச்சான் உருண்டையை மினுமினுக்கும் கடதாசியில் சுற்றிக் கொடுக்கலாம். கச்சான் ஒரு கிலோ, சர்க்கரை 600 கிராம். கச்சானை வறுத்துத் தோல் நீக்குங்கள். சர்க்கரையைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து வடித்துப் பாகு காய்ச்சி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். உருட்டித் தட்டில் போட்டால் டக் என்று சத்தம் கேட்க வேண்டும். அதுதான் பதம். கச்சானைக் கொட்டிக் கிளறி, கையில் நெய் தடவிக்கொண்டு சூடு தாங்கக்கூடிய பதத்தில் உருண்டை பிடியுங்கள். சுமார் 80 உருண்டை வரும். 200 பேருக்கு இரண்டரைக் கிலோ கச்சான் போதும். மூடிய டின்னில் போட்டால் ஒரு வாரம் கெடாது, முன்கூட்டியே செய்து வைக்கலாம்.

மலைக்காற்றுக்கு ஒரு குறிப்பு

கொழும்பில் அச்சடித்த சமையல் குறிப்பைப் பார்த்து நம் தாய்மார் கேக் செய்தால் சில வேளை பொங்கி நடுவில் குழி விழுந்துவிடும். கைராசி இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். காரணம் கை அல்ல, உயரம். நுவரெலியா 6,000 அடிக்கு மேல், ஹட்டன் 4,000 அடிக்கு மேல் இருக்கின்றன. உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் பேக்கிங் பவுடரில் வருகிற வாயு வேகமாகப் பொங்கும், கேக் இறுகும் முன்பே உயர்ந்து பிறகு அமுங்கும். ஆகவே குறிப்பில் சொன்னதில் கால் பங்கு பவுடரைக் குறைத்துக்கொள்ளுங்கள். மேலே நாங்கள் தந்த அளவு ஏற்கெனவே குறைத்த அளவுதான். தண்ணீர் கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும், நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் அவிப்பதற்குக் கூடுதல் நேரம் வேண்டும். மணிக்கூட்டை நம்பாமல் பதத்தை நம்புங்கள்.

சம்பந்தி வீட்டில் எப்படிச் சொல்வது?

இதுதான் பெரிய கஷ்டம். கடைசி வாரத்தில் சொன்னால் மனஸ்தாபம் வரும். பரிசம் போடும் நாளிலேயே பெரியவர்களை வைத்துப் பேசிவிடுங்கள். "கேக் நாங்களே வீட்டில் செய்து கொண்டு வருகிறோம்" என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். இல்லை என்று சொல்லவில்லையே! சித்தி வீட்டில் ரவை, அத்தை வீட்டில் சீனி, கோழி வளர்க்கிற வீட்டில் முட்டை என்று பிரித்துக்கொண்டால் யாருக்கும் பாரமில்லை. முதல் தடவையைக் கல்யாணத்துக்கு வைக்காமல், இரண்டு வாரத்துக்கு முன்பே ஒரு முறை செய்து பழகுங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு வார்த்தை: உங்கள் வீட்டிலும் பெண்பிள்ளை இருப்பாள். கேட்பதற்கு முன் அவளை நினைத்துப் பாருங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு லயத்தில் கேசரி அடுக்கு வைத்து நடந்த கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளையும் பொண்ணும் வெட்டி ஒருவருக்கொருவர் ஊட்டினார்கள். பக்கத்தில் நின்ற வயசான பாட்டி, "வெட்டுறது என்னத்துக்குப் பெருசு, ஊட்டுறதுதான் பெருசு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. தட்டு காலியாகிவிட்டது, இரண்டாவது தடவை கேட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்க இல்லை.

மிச்சப்படுகிற காசில் அடகை மீட்கலாம், புதுக் குடித்தனத்துக்குப் பாத்திரம் வாங்கலாம். கல்யாணப் பதிவை மட்டும் மறக்க வேண்டாம். பின்னால் சேமலாப நிதி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் என்று எதற்கும் கேட்பது அந்தப் பதிவுத் துண்டைத்தான். கேக் போட்டோவை யாரும் கேட்பதில்லை.

செய்து பார்த்த தாய்மார் எங்கள் காரியாலயத்துக்கு வந்து சொல்லுங்கள். நன்றாக வந்தாலும் சொல்லுங்கள், கருகினாலும் சொல்லுங்கள். அடுத்த இதழில் மற்றவர்களுக்கும் எடுத்துச் சொல்வோம்.