கடனும் சட்டமும் – 9: திவால் தவணைக்கு நடுவே ஒரு வீடு

அமெரிக்கத் திவால் சட்டத்தில் ‘சாப்டர் 13’ என்ற வழியை நாடுபவரின் கடன்கள் ஒரே நாளில் கழிந்துவிடுவதில்லை. நிரந்தர வருமானம் உள்ள அவர், 3 முதல் 5 ஆண்டுகள் வரை மாதாமாதம் ஒரு தொகையை டிரஸ்டியிடம் கட்டி வருவார். டிரஸ்டி அதைக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துத் தருவார். தவணை முடியும்வரை வீடு வாங்கும் பேச்சுக்கே இடமில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வழி இருக்கிறது, குறுகலான வழி.

முதல் தடை கடன் தருபவரிடம். வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி நடக்கும் வழக்கமான வீட்டுக்கடன்கள் திவால் முடியும்வரை கிடைக்காது. மிஞ்சுவது பெரும்பாலும் அரசு உத்தரவாதம் உள்ள கடன்கள்தாம். மத்திய வீட்டுவசதி நிர்வாகத்தின் எஃப்.எச்.ஏ. கடனுக்குத் திவால் தவணை குறைந்தது 12 மாதங்கள் ஓடியிருக்க வேண்டும்; அத்தனையும் உரிய நாளில் கட்டப்பட்டிருக்க வேண்டும்; நீதிமன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதியும் வேண்டும். முன்னாள் படைவீரர்களுக்கான வி.ஏ. கடனிலும் ஏறக்குறைய இதே நிபந்தனைதான்; அதில் டிரஸ்டியின் ஒப்புதலும் போதும். இந்த 12 மாத ஒழுங்குதான் விண்ணப்பதாரரின் கையில் இருக்கும் பெரிய முதல். ஒரு தவணை தாமதமானாலும் அதன் வலு போய்விடுகிறது.

இத்தகைய விண்ணப்பத்தைக் கணினியின் முடிவுக்கு விடுவதில்லை. அலுவலர் ஒருவர் கோப்பைப் பிரித்துப் படித்து முடிவு செய்கிறார். மாதம் 6,000 டாலர் சம்பாதிக்கும் ஒரு குடும்பம், வரியும் காப்பீடும் சேர்த்து 1,800 டாலர் வீட்டுத் தவணை கட்ட நேரும் என்று வைத்துக்கொள்வோம். அது வருமானத்தில் 30 சதவீதம். திவால் தவணை 500 டாலரையும் சேர்த்தால் 38 சதவீதத்தைத் தாண்டும். இவ்வகை எஃப்.எச்.ஏ. பரிசீலனையில் அடிப்படை வரம்பு முறையே 31, 43 சதவீதம் என்பதால் இந்தக் குடும்பம் தேறிவிடும்.

நீதிமன்றம் பார்க்கும் கணக்கு வேறு. அதே குடும்பம் இப்போது 1,500 டாலர் வாடகை தருகிறது என்றால், கூடுதலான 300 டாலர் எங்கிருந்து வரும் என்று டிரஸ்டி கேட்பார். கையில் மிஞ்சும் பணம் பழைய கடன்களுக்குப் போக வேண்டும் என்பதே இந்தத் திட்டத்தின் அடிப்படை. ஆகவே கேள்வி நியாயமானது. வழக்கறிஞர் தாக்கல் செய்யும் மனுவில் கடன் தொகை, வட்டி, மாதத் தவணை, வீட்டின் விலை ஆகியவற்றுடன் திருத்திய வரவு செலவுக் கணக்கும் இணைக்கப்படும். முன்பணம் வந்த வழியையும் காட்ட வேண்டும். பெற்றோர் அன்பளிப்பாகக் கொடுத்தது என்றால், திருப்பித் தர வேண்டியதில்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்த கடிதம் தேவை. கடன் கொடுத்தவர்களுக்கு அறிவிப்பு போய், ஆட்சேபம் தெரிவிக்க அவகாசமும் தரப்படுவதால் வாரங்கள் ஓடிவிடும். வீட்டு ஒப்பந்தத்தில் ‘நீதிமன்ற அனுமதிக்கு உட்பட்டது’ என்ற நிபந்தனையை எழுதாமல் கையெழுத்திடுவது பேராபத்து. அனுமதி மறுக்கப்பட்டால் கொடுத்த அட்வான்ஸே போய்விடலாம்.

அனுமதி கிடைத்தாலும் திவால் தவணை தொடரும். புதிய வீட்டுச் செலவால் அது தடைப்பட்டால் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்யலாம். தீராத பழைய கடன்கள் அப்படியே திரும்பி வரும். வட்டி அதிகமாக இருக்கும்போது, சொந்த வீடு என்ற ஆசைக்காக இந்த ஆபத்தை ஏற்பதைவிடக் காத்திருப்பதே நல்லது. தவணையை முழுதும் கட்டி விடுவிப்பு பெற்றவர் 2 ஆண்டுகளில் ஃபேனி மே கடனுக்கு விண்ணப்பிக்கலாம். வழக்கு தள்ளுபடியானவர் 4 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.