கரையோரம் ஐந்து நாள்

திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி செல்லும் பேருந்தில் நான் பலமுறை பயணம் செய்ததுண்டு. "மணப்பாடு விலக்கு", "உவரி" என்று நடத்துநர் குரல் கொடுப்பார், இறங்குவோர் இறங்குவர். சாளரத்தின் வழியே பனைகளும் உடைமரங்களும் ஓடும். கடல் அருகிலேயே இருந்தும் பெரும்பாலும் கண்ணில் படாது. அந்தச் சாலை இவ்வூர்களுக்கு முதுகுப்புறமாக வருகிறது என்பதையும், இவ்வூர்களின் முகம் கடலை நோக்கியே இருக்கிறது என்பதையும், கரையோரமாக நடந்து சென்ற பிறகுதான் நான் அறிந்தேன்.

என்னுடன் நடந்தவர் என் பழைய நண்பர். ஒரே பள்ளியில் முப்பதாண்டுகள் ஆசிரியர்களாயிருந்து, ஓராண்டு இடைவெளியில் இருவரும் ஓய்வு பெற்றோம். நான் பனங்காட்டுக்காரன். அவரோ இந்தக் கடற்கரையில் பிறந்து, பன்னிரண்டாம் வயதில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, அதன் பின்னர் விடுமுறைக்கு மட்டுமே ஊர் திரும்பியவர். "ஒருமுறை கரையோரமாகவே நடந்து போவோம்" என்று அவர் சொல்லத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆயின. மகளின் திருமணம், வீட்டு வேலை, முழங்கால் வலி என்று ஏதேனும் ஒன்றைச் சொல்லித் தட்டிக் கழித்தவன் நானே. சென்ற தை மாதம், "இந்த ஆண்டே போய்விட வேண்டும்" என்றார். அவர் குரலில் ஓர் அவசரம் இருந்தது. காரணத்தை நான் கேட்கவில்லை.

தை மாதத்தைத் தேர்ந்ததும் அவரே. அப்போது வீசுவது வாடைக்காற்று. தெற்கு நோக்கி நடப்பவனுக்கு அது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுவதுபோல் இருக்கும். ஆனி, ஆடியில் வந்தால் கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் எறியும். வீரபாண்டியன்பட்டினத்தில் தொடங்கி உவரியில் முடிப்பது என்று தீர்மானித்தோம். நல்ல நடைக்காரன் இரண்டே நாளில் முடித்துவிடும் தொலைவுதான். நாங்கள் ஐந்து நாள் வைத்துக்கொண்டோம். ஆளுக்கொரு தோள்பை, குடை, இரண்டு மாற்று உடை, தண்ணீர்ப் புட்டி. இரவுக்கு நண்பரின் உறவினர் வீடுகள். எந்த ஊரை எத்தனை மணிக்கு அடைவது என்று நான் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். வாத்தியார் வேலையை விட்டாலும் கால அட்டவணை நம்மை விடுகிறதா?

கடற்கரையில் நடப்பதற்கும் ஒரு கல்வி வேண்டும். மேட்டில் உள்ள உலர்ந்த மணலில் கால் புதையும். கால்மணி நேரத்தில் கெண்டைக்கால் கெஞ்சத் தொடங்கும். அலை வந்து மீண்ட ஈரமணல் தளம்போட்டதுபோல் இறுகியிருக்கும். அதிலேயே நடக்க வேண்டும். ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருப்பதால், தெற்கே போகிறவனுக்கு இடக்கால் எப்போதும் பள்ளத்திலும் வலக்கால் மேட்டிலும் இருக்கும். முதல் நாள் மாலைக்குள் என் இடுப்பு அதனை எனக்குத் தெளிவாக விளக்கிவிட்டது. நண்பர் சிரித்துக்கொண்டே, "சற்றுத் தூரம் பின்னோக்கி நடந்து பாரும், சரியாகிவிடும்" என்றார். செய்து பார்த்தேன், உண்மைதான். திருச்செந்தூர்க் கோவிலருகே தீர்த்தமாட வந்திருந்த சிறுவர்கள் என்னைப் பார்த்துத் தாமும் பின்னோக்கி நடக்கத் தொடங்கினர்.

அங்கேயே, கடலிலிருந்து கல்லெறி தொலைவில், நாழிக்கிணறு இருக்கிறது. உப்புக் கடலின் ஓரத்தில் நன்னீர் ஊறும் சிறு கிணறு. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனத்த உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால் இத்தகைய ஊற்றுகள் உண்டாகின்றன என்று, வேதியியல் ஆசிரியரான நண்பர் எனக்குப் பாடம் நடத்தினார். கரையில் அளவுக்கு மீறி ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சினால், மேலே நிற்கும் நன்னீர் தீர்ந்து உப்புநீர் ஏறிவிடும். பின்னர் வழியிலே சில வீடுகளில் குடிதண்ணீரை விலைக்கு வாங்கி வைத்திருந்ததைக் கண்டபோது அந்தப் பாடம் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆலந்தலைக்குச் சற்று முன்னே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரு பக்கமும் பதினைந்து பேருக்குக் குறையாமல் கயிற்றைப் பற்றியிருந்தனர். நண்பர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். ஒருவரும் வியப்படையவில்லை, இடம் விட்டார்கள். நானும் பிடித்தேன். ஒரு மணி நேரத்திற்குப் பின் மடி கரையேறியது: கொஞ்சம் சாளை, கொஞ்சம் நெத்திலி, அவற்றைவிட அதிகமாகப் பிளாஸ்டிக்கும் பாசியும். "இவ்வளவுதானா?" என்று நான் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். முதியவர் ஒருவர் கயிற்றைச் சுருட்டியபடியே, "நேத்து இதுவும் இல்ல அண்ணாச்சி" என்றார். பிறகு எங்கள் பைகளைப் பார்த்து, "பஸ் ஓடுதே, ஏன் நடந்து போறிய?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. நண்பர், "பார்த்துட்டுப் போகலாம்னுதான்" என்றார்.

அன்று முதலே அவர் நடையில் எனக்கொரு குறை இருந்தது. இளமையில் என்னைவிட வேகமாக நடந்தவர், இப்போது அடிமேல் அடி வைத்தார். கரையில் படகுக் கயிறுகளும் நங்கூரங்களும் எங்கும் கிடக்கும். ஆலந்தலையில் அப்படி ஒரு கயிற்றில் தடுக்கி முழங்காலில் விழுந்தார். "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று கடிந்துகொண்டேன். மறுமொழி சொல்லாமல் மணலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

இரண்டாம் நாள் வழி நேராக இல்லை. கல்லாமொழியில், உடன்குடி அனல்மின் திட்டத்திற்கு நிலக்கரி இறக்குவதற்கான தளம் கடலுக்குள் நெடுந்தொலைவு நீண்டு நிற்கிறது. கரையை விட்டுச் சாலையேறிச் சுற்றினோம். குலசேகரன்பட்டினத்தில் நண்பருக்குப் பழைய மாணவர் ஒருவர் எதிர்ப்பட்டார். தேநீர், குசல விசாரணை, பிறகு இன்னொரு தேநீர். என் தாளில் இருந்த நேரமெல்லாம் பொய்த்துப்போயிற்று. மீண்டும் கரைக்கு வந்தபோது மணப்பாட்டின் மணற்குன்றும் அதன்மேல் திருச்சிலுவைக் கோவிலும் எதிரே தெரிந்தன. ஆனால் இடையிலே கருமேனியாறு கடலோடு கலக்கும் கழி கிடக்கிறது. சாலைக்குச் சென்று சுற்றி வரலாம், அதற்குள் இருட்டிவிடும். கழியோ முழங்காலளவுதான் என்று எனக்குத் தோன்றியது.

"சுற்றியே போவோம்" என்றார் நண்பர்.

"நீர் தேநீர் குடித்த நேரத்தில் சுற்றியிருக்கலாம். இப்போது இறங்கித்தான் ஆக வேண்டும்" என்றேன். இன்னும் சில சொற்களும் சொன்னேன். அவற்றை இங்கே எழுத வெட்கமாயிருக்கிறது. அவர் ஒன்றும் பேசாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பின்னே இறங்கினார். பத்தடி நான் முன்னே போயிருப்பேன். தண்ணீர் தெறிக்கும் ஓசை கேட்டுத் திரும்பினால், அவர் மார்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தார். பக்கவாட்டில் இருந்த பள்ளத்தில் கால் வைத்துவிட்டார். நீரின் நிறம் அவ்விடத்தில் வேறாயிருந்ததை நான் கண்டு விலகியிருந்தேன்; அவர் காணவில்லை. கையை நீட்டினேன். என் கையைப் பற்றுவதற்கு அவர் கை இருமுறை காற்றில் துழாவியது. அப்போதுதான் எனக்குள் ஏதோ குளிர்ந்தது.

அன்றிரவு மணப்பாட்டில், அவருடைய சித்தி முறையான மூதாட்டி தந்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்தபடி திண்ணையில் இருந்தபோது சொன்னார். அவருக்குக் கண்ணில் கிளாக்கோமா. கண்ணுக்குள் ஊறும் நீரின் அழுத்தம் பார்வை நரம்பைச் சிறுகச் சிறுகக் கெடுக்கும் நோய் அது. வலி இராது, பெரும்பாலும் நடுப்பார்வை இறுதிவரை நன்றாயிருக்கும், ஓரப்பார்வைதான் முதலில் போகும். ஆகவே நோயாளிக்கே தெரிவதில்லை. போன பார்வை மீளாது. எஞ்சியதைக் காப்பதற்குத்தான் சொட்டு மருந்து. "தொலைவிலிருக்கும் கோபுரத்தைப் பார்ப்பேன், காலடியில் கிடக்கும் கயிற்றைப் பார்க்க மாட்டேன். மாலையில் இன்னும் மோசம்" என்றார். கண்டுபிடித்து ஓராண்டு ஆகியும் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் தனியே வெளியில் விடமாட்டார்கள் என்ற அச்சம்.

"என்னிடமாவது சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருந்தால் நீரும் வந்திருக்க மாட்டீர்."

அது உண்மை. நான் நிச்சயமாக மறுத்திருப்பேன்.

மறுநாள் முழுவதும் மணப்பாட்டில் தங்கினோம். குன்றின்மேல் உள்ள கோவில் 1581-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 14-ஆம் நாள் திருச்சிலுவைப் பெருவிழாவுக்கு இம்மணலில் கால்வைக்க இடமிராது. நாங்கள் சென்ற அன்றோ எங்களையும் இரண்டு ஆடுகளையும் தவிர எவரும் இல்லை. கடலைப் பார்த்த சரிவில், புனித சவேரியார் தங்கிச் செபித்ததாகச் சொல்லப்படும் குகை இருக்கிறது. அவர் 1542-இல் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்தார். மன்றாட்டுகளைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து மனப்பாடம் பண்ணி, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களை அழைத்தார். அவருடைய 1544-ஆம் ஆண்டுக் கடிதங்கள் பல, மணப்பாடு, ஆலந்தலை, புன்னைக்காயல் ஆகிய ஊர்களிலிருந்தே எழுதப்பட்டவை. அவ்வாண்டின் நடுவே, வடுகப் படையினருக்கு அஞ்சிக் குமரிமுனைப் பாறைகளுக்கு ஓடிய மக்கள் பட்டினியால் வாடுவதைக் கேள்வியுற்று, தோணிகளில் உணவேற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை, தோணிகள் திரும்பிவிட்டன. பிறகு அவர் தரைவழியே நடந்து சென்று அம்மக்களைக் கண்டார். நாங்கள் முதுகில் காற்று வாங்கிக்கொண்டு போன அதே திசையில், அவர் முகத்தில் காற்று வாங்கிப் போயிருக்கிறார். பெரியதாழை, உவரி எல்லாம் அவருக்கும் வழியூர்களாக இருந்திருக்கும்.

நண்பர் குகையருகே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். செபித்தாரா, கடலைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் சட்டைப்பையிலிருந்த தாளைக் கிழித்துப் போட்டேன். (காற்று அதனைத் திரும்பவும் என்னிடமே கொண்டுவந்தது.)

நான்காம் நாள் நடை வேறு விதமாயிற்று. அவர் வலப்புறமும் நான் இடப்புறமுமாக, அவர் கை என் முழங்கைக்கு மேலே. கயிறு வந்தால் "கயிறு" என்பேன். பள்ளம் வந்தால் "பள்ளம்" என்பேன். சற்று நேரத்தில் அதற்கும் தேவையில்லாமல் போயிற்று. என் தோள் அசைவிலேயே அறிந்துகொண்டார். மணப்பாட்டுக்குத் தெற்கே, 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட விண்வெளி ஏவுதளத்திற்கான நிலப்பரப்பு வருவதால் மீண்டும் சாலையைப் பிடித்தோம். இங்கிருந்து நேர் தெற்கே கடலன்றி நிலமில்லை. இலங்கையைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டிய தேவையின்றிச் சிறிய ராக்கெட்டுகளைத் துருவப் பாதையில் அனுப்பலாம் என்பதே இவ்விடத்தைத் தேர்ந்ததன் காரணம்.

பெரியதாழையில் நண்பர் தாம் சிறுவனாய் விளையாடிய கரையைக் காட்ட முற்பட்டார். காட்ட முடியவில்லை. கட்டுமரங்கள் கிடந்த மணல்வெளி எங்கேயென்று அவருக்கே பிடிபடவில்லை. கட்டுமரங்களுக்கு மாற்றாகக் கண்ணாடியிழைப் படகுகள் வந்துவிட்டன. இக்கரையில் பல ஊர்களில் அலையைத் தடுக்கப் பெரும் கற்களைக் கடலுக்குள் அடுக்கியிருக்கிறார்கள். தூண்டில் வளைவு என்பது அதன் பெயர். நீரோட்டம் சுமந்துவரும் மணல் அதன் ஒரு பக்கத்தில் தங்கும். மணல் கிடைக்காத மறுபக்கம் அரிபடும். ஆகவே ஓர் ஊர் கேட்டால் அடுத்த ஊரும் கேட்டே ஆகவேண்டியிருக்கிறது. குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; வீட்டு வாசலில் அலை வந்து நிற்பவன் வேறு என்ன செய்வான்?

"என் கண்தான் குறைந்துவிட்டது என்று நினைத்தேன், கரையும் குறைந்திருக்கிறது" என்று மட்டும் நண்பர் சொன்னார்.

ஐந்தாம் நாள் கூடுதாழையைத் தாண்டி உவரியை நோக்கி நடந்தோம். கப்பல் வடிவில் எழுந்த கப்பல் மாதா ஆலயத்தை அவர் எனக்கு முன்பே கண்டுவிட்டார். தொலைவிலுள்ளது அவருக்குத் தெரியும் அல்லவா! புனித அந்தோனியார் கோவிலில் கூட்டம் இருந்தது. நோயாளிகள் நாட்கணக்கில் வந்து தங்கும் இடம்; ஈரத் துணிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்து, நண்பர் முதலில் தம் துணைவியாருக்குத் தொலைபேசியில் பேசினார். நான் எழுந்து அப்பால் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தார்: "உடன்பிறந்தவங்களுக்கும் வருமாம். வலிக்கலன்னு சும்மா இருக்காத. இந்த வாரமே போய்க் கண்ணைக் காட்டு."

"வீட்டில் என்ன சொன்னார்கள்?" என்று கேட்டேன்.

"அழுதாள். பிறகு, ஐந்து நாளும் சொட்டு மருந்து போட்டேனா என்று கேட்டாள்" என்றார்.

தம்பி மறுவாரமே பரிசோதனை செய்துகொண்டார்; அவருக்கும் அழுத்தம் மிகுதியாயிருந்தது, ஆனால் பார்வை இன்னும் கெடவில்லை. நண்பரின் வீட்டார் அவரைத் தனியே வெளியே விடுவதில்லை என்பது அவர் அஞ்சியபடியே நடந்தது. என்னோடு என்றால் விடுகிறார்கள். உவரியிலிருந்து குமரிமுனை வரை இன்னும் பாதி வழி மீந்திருக்கிறது. வருகிற தை மாதத்தில், பொங்கல் கழிந்த முதல் திங்கட்கிழமை புறப்படுவதாக நாள் குறித்திருக்கிறோம்.