சோலார் தகட்டுக்கு முதுகிலும் ஒரு முகம்! பொன்மலை மாடிக்கு ஒத்துவருமா?

பொன்மலை:-

'ரெண்டு பக்கமும் கரண்டு தரும், வெயிலே வேண்டாம்' என்று யாராவது சோலார் தகடு விற்க வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். முதல் பாதி உண்மை. பின்பாதி வெறும் சரடு!

முதுகில் கண்ணாடி

சாதாரணத் தகட்டின் பின்புறம் மூடியிருக்கும். இருமுகத் தகட்டிலோ பின்புறமும் வெளிச்சம் புக வழி உண்டு. தரையில் பட்டுத் திரும்பும் ஒளியையும் இது பிடித்துக்கொள்ளும். ஆனால் பின்பக்கம் வந்து சேரும் ஒளி கொஞ்சம்தான். அதனால் கூடுதல் மின்சாரம் பெரும்பாலும் 5 முதல் 15 சதவீதம்.

சரக்கு ஒன்றும் புதுசு அல்ல. ஜப்பானியர் ஹிரோஷி மோரி 1960-லேயே இதற்குக் காப்புரிமை கேட்டார். 1974-ல் சோவியத் விண்வெளி நிலையம் சல்யூட்-3 இதைச் சுமந்து பறந்தது.

பனி நாட்டில் ராஜா

வெயில் குறைந்த குளிர் நாடுகளில் இதற்குத் தனி மவுசு. புதுப்பனி, தன் மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நமக்குப் பனி ஏது? சிமெண்ட் தளம் திருப்புவது 20, 30 சதவீதம்தான். வெள்ளையடித்த மொட்டை மாடி என்றால் 60-ஐத் தாண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் என்ன ஆகும்? கருமேகம் மூடினால் உற்பத்தி கால்வாசிக்கும் கீழே போய்விடும். அப்போது ஒளி நாலாபுறமும் சிதறி வருவதால் பின்முகம் சற்றுக் கைகொடுக்கும். ஆனால் பத்து ரூபாயோடு ஒரு ரூபாய் சேர்ந்தால் பதினொன்று, நூறாகி விடாது!

நிழல்தான் வில்லன்

1928-ல் ரயில்வே பணிமனை வந்ததும் வளர்ந்த ஊர் பொன்மலை. காலனிப் பக்கம் மரங்கள். சுற்றுத் தெருக்களில் ஒட்டி ஒட்டி மாடி வீடுகள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். தெற்கு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் உங்கள் மாடியில் நீளும். ஒரு தகட்டின் ஓரத்தில் நிழல் பட்டாலே அந்த வரிசை சுணங்கலாம். பின்முகம் அதை ஈடுகட்டாது. தகரக் கூரையோடு ஒட்டிப் படுக்க வைத்தாலோ, பின்பக்கம் கும்மிருட்டு. அதற்குக் கொடுத்த காசு தண்டம்!

மானியக் கணக்கு

மத்திய அரசு 2024-ல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78 ஆயிரம் ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. கணக்கு கிலோவாட்டுக்குத்தான், முகத்துக்கு அல்ல.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் காலை 9, பகல் 12, மாலை 3 மணிக்கு மாடி ஏறி நிழலைப் பாருங்கள். திறந்த மாடி, வெள்ளைத் தளம், தரையை விட்டு நன்றாகத் தூக்கி நிறுத்திய சட்டம், இந்த மூன்றும் இருந்தால் இருமுகம் லாபம். இல்லையா, ஒருமுகமே போதும்.

தகடு எத்தனை முகம் காட்டினால் என்ன? சூரியன் முகம் காட்டினால்தான் கரண்டு!