சனிக்கிழமை மூன்று மணிக்கு அணையும் திரை

மான்செஸ்டரில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டத்தைச் சென்னையிலோ கொழும்பிலோ இருப்பவர் நேரலையாகப் பார்த்துவிடலாம். நமக்கு அப்போது இரவு ஏழரை மணி, அங்கே குளிர்காலம் என்றால் எட்டரை. அந்த மைதானத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இருக்கிற அக்ரிங்டன் ஊரின் பப்பில் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரால் அது முடியாது. லீக் ஆட்டங்கள் நடக்கும் சனிக்கிழமைகளில் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரலையாகக் காட்டக் கூடாது என்பது விதி. உலகத்துக்கே கிடைப்பது உள்ளூர்க்காரருக்கு மட்டும் கிடையாது என்பதைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் சின்ன ஊர்களின் பப்களை இந்த விதி கெடுக்கவில்லை, காப்பாற்றுகிறது என்பதே என் கட்சி.

இந்தத் தடை 1960களில் வந்தது. இதற்காக முன்னின்று வாதாடியவர் பர்ன்லி அணியின் தலைவர் பாப் லார்ட். இறைச்சி வியாபாரியான அவர் தொலைக்காட்சி என்றாலே எரிந்துவிழுவார். பிபிசி கேமராக்களைத் தன் மைதானத்துக்குள் சில ஆண்டுகள் விடவே இல்லை. பெரிய அணிகளின் ஆட்டம் வீடு தேடி வந்தால் சின்ன அணிகளின் மைதானத்துக்கு யார் போவார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. பதிலுக்கு அவர் வெகுதூரம் போக வேண்டியிருந்திருக்காது. பக்கத்து ஊரின் அக்ரிங்டன் ஸ்டான்லி அணி கடன் தாங்காமல் 1962இல் இங்கிலாந்தின் கால்பந்து லீக்கை விட்டே விலகியது. 1968இல் புதிதாகத் தொடங்கப்பட்ட அணி மறுபடி லீக்குக்குள் வர 2006 ஆயிற்று.

ஏறத்தாழ 35,000 பேர் வாழும் அக்ரிங்டனுக்கு ஒரு பக்கம் பிளாக்பர்ன், மறுபக்கம் பர்ன்லி, தெற்கே மான்செஸ்டரின் இரண்டு பெரிய அணிகள். ஊர்க்காரர்களின் மனம் நான்கு திசையில் இழுபடுகிறது. சனிக்கிழமையன்று அங்கே ஒரு பப்பின் பிழைப்பு எப்படி நடக்கும் என்று யோசித்தால் விதியின் பலன் புரியும். மதியம் 12.30க்கு ஒரு பிரீமியர் லீக் ஆட்டம் திரையில் வருகிறது. அதைச் சாக்கிட்டுக் கூட்டம் சேர்கிறது, சாப்பாடும் பீரும் விற்கின்றன. மூன்று மணிக்குத் திரையில் காட்ட ஒன்றுமில்லாததால், ஸ்டான்லிக்கு உள்ளூரில் ஆட்டம் இருந்தால், பெரிய அணியின் ரசிகரும் எழுந்து மைதானத்துக்கு நடக்கக்கூடும். ஆட்டம் முடிந்து, வென்றாலும் தோற்றாலும் பேசித் தீர்க்க அதே கூட்டம் திரும்பி வருகிறது, 5.30 ஆட்டம் அவர்களுக்காகக் காத்திருக்கிறது. வெளியூர் அணியின் ரசிகர்களும் இரண்டு வேளையும் வந்துபோவார்கள். மூன்று மணிக்கும் திரை ஓடினால் அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் விற்பனை கிடைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் மைதானத்துக்காக ஊருக்கு வரும் கூட்டத்தை அது மெல்ல மெல்லத் தின்றுவிடும். திரையை யாரும் எங்கும் வைத்துக்கொள்ளலாம். மைதானத்துக்குப் பக்கத்தில் இருப்பது அந்த ஊர்ப் பப்புக்கு மட்டுமே வாய்த்தது.

பப் நடத்துகிறவர்களே இந்தத் தடையை எதிர்த்திருக்கிறார்களே என்று கேட்கலாம். போர்ட்ஸ்மத்தில் பப் நடத்திய கேரன் மர்ஃபியின் வழக்கு பிரபலமானது. பிரிட்டிஷ் ஒளிபரப்புக்கு மாதம் ஏறத்தாழ 700 பவுண்டு கட்ட மனமில்லாமல், ஆண்டுக்கு 800 பவுண்டு அளவில் கிரேக்க நிறுவனத்தின் டிகோடர் அட்டையை வாங்கி ஆட்டங்களைக் காட்டினார். அபராதம் விழுந்தது. அவர் விடாமல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனார். வெளிநாட்டு அட்டைகளைத் தடுப்பதற்கு மூன்று மணித் தடையைக் காரணமாகச் சொல்ல முடியாது என்று அந்த நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு அவருடைய தண்டனையும் ரத்தானது. இருந்தும் பப்காரர்களுக்கு முழுக் கதவு திறக்கவில்லை: ஒளிபரப்பில் வரும் பிரீமியர் லீக்கின் இசை, வரைகலை முதலியவற்றுக்குக் காப்புரிமை உண்டு, அவற்றைப் பொது இடத்தில் காட்ட அனுமதி வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இந்த வழக்கை நான் வேறு மாதிரி படிக்கிறேன். அவரைக் கிரேக்க அட்டையை நோக்கித் தள்ளியது கடிகாரம் அல்ல, கட்டணம். பப்களுக்கான சந்தாவை நிறுவனங்கள் பெரும்பாலும் கட்டடத்தின் வரி மதிப்பை வைத்தே கணக்கிடுகின்றன. பப்பின் வரி மதிப்போ அதன் வியாபாரத்தைப் பொறுத்தது. சமையலால் பெயர் வாங்கிய பப், கால்பந்து பார்க்கப் பத்துப் பேரே வந்தாலும், அதிகம் கட்ட நேர்கிறது. போதாக்குறைக்கு ஒளிபரப்பு நிறுவனங்களில் ஸ்கைக்கு ஒரு சந்தா, டிஎன்டிக்குத் தனியாக இன்னொன்று. 2000இல் பிரிட்டனில் 60,000க்கு மேல் இருந்த பப்கள் இப்போது 45,000 அளவுக்கு இறங்கியிருக்கின்றன. அதற்கு வரி, வாடகை, வீட்டிலேயே குடிக்கும் பழக்கம் என்று காரணங்கள் பல இருந்தாலும், நலிந்து நிற்கும் பப் முதலில் வெட்டக்கூடிய செலவு இந்தச் சந்தாதான்.

ஜெர்மனியைக் காட்டுவது இதைவிட வலுவான மறுப்பு. அங்கே சனிக்கிழமைப் பிற்பகல் முதல் பிரிவு ஆட்டங்கள் எல்லாம் கட்டணத் தொலைக்காட்சியில் நேரலையாக வருகின்றன. அதனால் கீழ்ப் பிரிவு மைதானங்கள் காலியாகிவிடவில்லை. உண்மைதான். ஆனால் அங்கே தேசிய அளவிலான முதல் மூன்று பிரிவுகளில் 56 அணிகள். இங்கிலாந்தில் நான்கு பிரிவுகளில் 92. அவற்றில் பெரும்பாலானவை ஒரே பிற்பகலில், அதிலும் அக்ரிங்டன் இருக்கும் லங்காஷயர் மாதிரியான இடங்களில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஆடுகின்றன. நெரிசல் குறைந்த நாட்டில் பலித்தது இங்கிலாந்திலும் பலிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

திருட்டு ஸ்ட்ரீமிங் வந்தபின் தடைக்கு என்ன அர்த்தம் என்பது கடைசிக் கேள்வி. கைபேசியில் திருட்டுத்தனமாகப் பார்ப்பவரை விதி தடுக்கவில்லை. ஆனால் பப் அதைத் துணிந்து திரையில் போட முடியாது. முறையான பப் சந்தாவில் திரையின் ஓரத்தில் பைன்ட் கோப்பைச் சின்னம் ஒன்று தெரியும். அது இல்லாவிட்டால் சோதனைக்கு வருகிறவர் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். கூடிப் பார்க்கும் இடம் சட்டத்துக்குள் இருக்கும்வரை தடைக்கு வேலை உண்டு. அதற்கு இனி நெருக்கடி பணத்திலிருந்துதான் வரும். 2025இல் தொடங்கிய பிரீமியர் லீக்கின் நான்காண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு 670 கோடி பவுண்டு. அதில் மூன்று மணிக்கு வெளியே நடக்கும் பிரீமியர் லீக் ஆட்டங்கள் எல்லாமே விற்றாகிவிட்டன. கீழ்ப் பிரிவு ஆட்டங்கள் சிலவும் ஒளிபரப்புக்காக மதியத்துக்கு நகர்த்தப்படுகின்றன. அடுத்த பேரத்தில் விற்பதற்கு மிச்சம் இருப்பது இந்த இரண்டரை மணி நேரம்தான். அதைக் கேட்டு வருகிறவர்களிடம் லீக் முதலில் பேச வேண்டியது, சின்னப் பப்கள் ஆட்டக் கணக்கில் பணம் கட்டும் சந்தாவைப் பற்றி.